சட்டைப்பையில் வந்த காசு

“ஏனுங்க அம்மணி, சித்த இதப் பாருங்க! பால் வாங்கின சில்லறையில வந்துச்சுங்க!”

கடைக்குள் கால் வைக்கும்போதே வரதராஜுலு உள்ளங்கையை நீட்டிவிட்டார். ஆர்.எஸ்.புரத்தில் பழைய நாணயங்களை வாங்கி விற்கும் யாஸ்மின், அதை பூதக்கண்ணாடிக்கு அடியில் பிடித்தாள். இரண்டு ரூபாய் நாணயம். அச்சு ஒரு பக்கமாக ஒதுங்கி விழுந்து, மறுபக்கம் பிறை போல வெறுமையாக இருந்தது.

“அச்சுப் பிழைங்கய்யா. இப்படி வர்றது நெம்ப அபூர்வம். எண்ணூறு ரூவா தாரேனுங்க.”

“பாத்தீங்களா! பால்காரனுக்கு இது வெறும் ரண்டு ரூவா. நம்ம கண்ணுக்குத்தான் தட்டுப்பட்டுச்சு!”

பணத்தை வாங்கிக்கொண்டு, ஏதோ ஒரு பழைய பாட்டை முணுமுணுத்தபடி படியிறங்கிப் போனார்.

யாஸ்மினுக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது. அந்த நாணயத்தை இரண்டு நாளைக்கு முன்னால் அவருடைய மனைவி ராமாமணிக்கு விற்றவளே அவள்தான்.

அடுத்த வியாழக்கிழமையும் ராமாமணி வந்தார். கஞ்சி போட்ட காட்டன் புடவை, தலையில் ஒரு முழம் முல்லை.

“இந்த வாட்டி வேற மாதிரி குடுங்க கண்ணு. ஒரே மாதிரி கெடச்சாச் சந்தேகப்படுவாரு.”

“இன்னும் எத்தன நாளைக்குங்கம்மா?”

“அவரு நல்லாயிருக்கற வரைக்கும். நெஞ்சுல ஆபரேஷன் ஆச்சுங்க. கணபதியில இருந்த லேத் பட்டறைய வித்துப்போட்டு, மூணு மாசம் சோபாவுல உக்காந்து செவுத்தையே பாத்துக்கிட்டிருந்தாரு. ஒருநாள் சில்லறையில ஒரு பழைய காசு தானா வந்துச்சு. அத உங்ககிட்ட வித்துப்போட்டு வந்த அன்னிக்கு ரண்டு தோசை எச்சாத் தின்னாருங்க!”

“ஞாபகம் இருக்குதுங்கம்மா.”

“அதுக்கப்புறம் ஒரு மாசம் தேடியும் ஒண்ணுங் கெடைக்கல. மொகம் வாடிப்போச்சு. அதான், அவரு குளிக்கப் போறப்ப ஆணியில தொங்கற சட்டைப்பையில நான் ஒண்ணப் போட்டுடறேன். இப்ப விடிஞ்சா நாலு தெரு நடந்து கடை கடையாப் போறாரு. விஷயம் தெரிஞ்சா மறுபடி சோபாவுல உக்காந்துக்குவாரு. சொல்லிப்போடாதீங்க கண்ணு.”

“சத்தியமாச் சொல்ல மாட்டேனுங்க.”

தட்டு தட்டாகப் பார்த்து, ஓரம் நெளிந்த ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தைத் தேர்ந்தெடுத்தார் ராமாமணி. “அப்பிடியே பூ மார்க்கெட் பக்கம் ஒரு நடை போயிட்டு, காபி குடிச்சுப்போட்டுப் போறேன்” என்று உற்சாகமாகக் கிளம்பினார்.

சனிக்கிழமை காலை, அதே நாணயத்தோடு வரதராஜுலு வந்து நின்றார்.

“காய்கறிக் கடையில மீதி குடுத்தானுங்க. பையில போட்டு வந்து பாத்தா, இது!”

“அடடே! உங்களுக்கு ராசியான கைங்கய்யா” என்று வியந்துகொண்டே யாஸ்மின் ரூபாய் நோட்டுகளை எண்ணினாள்.

“நோட்டு எதுக்குங்க அம்மணி, போன்லயே போட்டுவிடுங்க. டீக்கடையில இருந்து காய்கறிக் கடை வரைக்கும் இப்ப எல்லாம் எனக்கு இதுலதானுங்க. கடையில காசா நீட்டி ஆறு மாசமாச்சு.”

“அப்பச் சில்லறை எப்பிடிங்கய்யா வருது?”

கேட்ட பிறகுதான் யாஸ்மின் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வரதராஜுலு போனை மேஜைமேல் வைத்தார். பிறகு வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“வியாழக்கிழமை இங்கிருந்து என்ற சட்டைப்பைக்கு வருதில்லீங்களா, அதுதானுங்க. மக கல்யாணமாகிப் போனதுல இருந்து, கூப்புட்டாலும் வாசப்படி தாண்டாம ரண்டு வருஷம் கெடந்தவ என்ற ஊட்டுக்காரி. அவ வாராவாரம் பூ வெச்சுக்கிட்டு பஸ்ஸேறி வெளிய வரோணும்னுதான் அம்மணி, நான் விடாமக் காசு கண்டுபிடிச்சிக்கிட்டிருக்கறேன்!”