கிளட்ச் பிடிக்கும் கை

மூன்றாவது தடவையாக என் பைக்கின் கிளட்ச் கேபிளைத் தளர்த்திவிட்டு, லிவர் இடுக்கில் ஒரு ரூபாய்க் காசை நுழைத்துப் பார்த்தான் மெக்கானிக் ஜெபமணி.

"காசு கனத்துக்குத்தான் இடைவெளி இருக்கணும் பெருசு. இப்பவே ரெண்டு காசு போவுது. இனிமே கியர் கடிக்கும்."

"உன் காசா வண்டி ஓட்டுது? லிவர் கைக்கு எட்டலைன்னா எட்டலை" என்றேன்.

"அப்ப கையக் காட்டுங்க, அளவு வெக்கிறேன்."

நான் காட்டவில்லை. வாதம் வந்ததிலிருந்து என் இடது கை விரல்கள் மடங்குவதில்லை. இவனிடம் சொன்னால் சாயங்காலமே என் மகனுக்குத் தெரிந்துவிடும். வண்டியைப் பிடுங்கிக்கொள்வான். அப்புறம் என் பெண்சாதி கோமளத்தின் கால் புண்ணுக்குக் கட்டு மாற்ற யார் கூட்டிப்போவது? பஸ் நிறுத்தம் வரை அவளால் நடக்க முடியாது.

அவன் நான்காவது தடவையும் ஸ்பேனரை எடுத்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

"கோமளம், வந்து ஏறு."

பெட்டிக்கடை பெஞ்சிலிருந்து நொண்டி நொண்டி வந்தாள். சேலையை ஒதுக்கி இரண்டு பக்கமும் கால் போட்டு என் முதுகோடு ஒட்டி உட்கார்ந்தாள். என் அக்குள் வழியாகக் கையை நீட்டி லிவரைப் பிடித்தாள்.

"இந்தக் கைக்கு வை" என்றேன்.

ஜெபமணி ஸ்பேனரோடு லிவர் பக்கம் குனிந்தான். "எட்டுதாம்மா?"

"கொஞ்சம் கீழ இறக்கு தம்பி. இவரு புடின்னு சொல்றது லேட்டு. திட்டுறது மட்டும் முன்னாடியே வந்துரும்."

லிவரைக் கீழே இறக்கி முறுக்கினான். கேபிளைப் பழையபடி காசு கனத்துக்கே இறுக்கினான். பிறகு கேட்டான்: "உங்க மகனுக்குத் தெரியுமா?"

வண்டியை உதைத்தேன். 'புடி' என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவள் பிடித்திருந்தாள். கியர் சத்தமில்லாமல் விழுந்தது.