ஒட்டாத புள்ளி

திரையில் வெள்ள வரைபடத்தின் சிவப்புக் கோடு ஒரே ஒரு தெருவுக்காக வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றது.

"அந்த ஒரு புள்ளிதாம்மா தொல்லை," என்றார் செயலாளர். "சுத்தி எல்லாம் முழங்கால் அளவு. அங்க மட்டும் எப்படி நெஞ்சு வரைக்கும் வரும்? யாரோ தப்பா அளந்திருக்காங்க."

வெள்ள ஆய்வாளரான அவள் அந்தப் புள்ளியைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அந்தத் தெரு பள்ளம் என்று காலையிலிருந்து தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லியாயிற்று.

வரைபடம் அவள் குழு போட்டது. வெள்ளம் வடிந்த பிறகு வீடு வீடாகப் போய், சுவரில் தண்ணீர் விட்டுப்போன கறையை அளந்து வரைந்தது. கோட்டுக்குள் வருகிறவர்களுக்கு மேட்டில் புது வீடு. வராதவர்கள் முகாமிலிருந்து பழைய வீட்டுக்கே திரும்ப வேண்டும்.

செயலாளருக்கு அறிவியல்மேல் மிகுந்த மரியாதை. அது மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

"நிதித்துறை இதைத்தான் பிடிச்சுத் தொங்குது. இது ஒண்ணு தப்புன்னா திட்டமே தப்புன்னு கிடப்புல போட்டுடுவாங்க. எடுத்துட்டீங்கன்னா இன்னைக்கே கையெழுத்து. மத்த ஊரெல்லாம் பிழைச்சுக்கும்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் கொடுமை.

ஒட்டாத புள்ளியை நீக்குவது அவள் தொழிலில் புதிதும் இல்லை. எத்தனையோ முறை யோசிக்காமல் செய்திருக்கிறாள்.

மேசையில் போன் ஒளிர்ந்தது. முகாமிலிருந்து தங்கை.

'நம்ம தெரு உள்ள வந்துடுச்சாக்கா? பாப்பா இல்லாத அந்த வீட்டுக்குள்ள இனி என்னால போக முடியாது.'

போனைக் கவிழ்த்து வைத்தாள். விரல் தானாகப் போய் நீக்கும் பொத்தானை அழுத்தியது. கோடு வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நேரானது.

அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. ஊசி போட்டு மரத்துப்போன பல்லை நாக்கால் தொடுவதுபோல் இருந்தது.

செயலாளருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "ஆமா, அங்க போய் அளந்தது யாரும்மா?"

"நான்தான் சார்."

டேப்கூடத் தேவைப்படவில்லை. தங்கை வீட்டு வாசல் நிலையில் பென்சில் கோடுகள் இருந்தன. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் தங்கையின் மகளை நிமிர்ந்து நிற்கவைத்து, தலைக்கு மேல் அளவுகோலை வைத்து ஆய்வாளரே போட்டவை. பக்கத்திலேயே சென்டிமீட்டர் கணக்கும் அவள் கையெழுத்தில்.

தண்ணீரின் கறை கடைசிக் கோட்டுக்கு ஒரு சாண் மேலே இருந்தது.