கொஞ்சம் கவனிங்க

ஏரியை மூடி அடுக்குமாடி கட்டுவதற்காக வெளிநாட்டிலிருந்து ஒரு பூநாரை வந்தது. அந்த ஏரிதான் ஆமையின் வீடு. அனுமதி தரும் அதிகாரி ஒரு தேரை.

“செஞ்சிடலாம் சார். எங்களையும் கொஞ்சம் கவனிச்சீங்கன்னா போதும்,” என்றது தேரை, குரலைத் தாழ்த்தி.

பூநாரை புத்தகம் பார்த்துத் தமிழ் கற்றிருந்தது. ஒரு காலை மடக்கிக்கொண்டு தேரைக்கு எதிரே நின்று கவனிக்கத் தொடங்கியது. கண்ணை எடுக்கவே இல்லை. வழக்கமாகப் புழுவோடு வருகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். சாயங்காலத்துக்குள் தேரைக்குப் பசி தாங்கவில்லை.

“இன்னும் கவனிக்கணுமா சார்?” என்று பணிவாகக் கேட்டது பூநாரை.

ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கும்போது தப்புச் செய்து தேரைக்குப் பழக்கமில்லை. “ஏரிக்குள்ள கட்டடம் கட்டச் சட்டத்துல இடமில்லைங்க,” என்று உண்மையை உளறிவிட்டது.

“இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே,” என்று கும்பிட்டுவிட்டுப் பூநாரை பறந்தது. அது அடுத்த ஏரியில் இறங்குவதை ஆமையின் பக்கத்து வீட்டுத் தவளை பார்த்தது.

“பாவம், விவரம் தெரியாத மனுஷர். போய் அர்த்தத்தைச் சொல்லிட்டு வரட்டுமா அண்ணே?”

“பேசாம இரு தம்பி,” என்றது ஆமை. “என் தங்கச்சியை அந்த ஏரியிலதான் கட்டிக் குடுத்திருக்கேன்.”