செவ்வாய்க்கிழமை நோய்

"செவ்வாய்க்கிழமை மட்டும் உங்க எடது காதுல லோக்கல் ட்ரெயின் சத்தம் கேக்கறதா?"

"ஆமாய்யா" என்றார் வானமாமலை, நாற்காலி நுனியில் கைகட்டி உட்கார்ந்தபடி.

மனநல டாக்டர் வெங்கடேஸ்வரன் உள்ளுக்குள் பூரித்தார். அப்படி ஒரு நோய் உலகத்திலேயே கிடையாது. அவரே சொந்தமாகத் தயாரித்தது. இல்லாத நோயைக் கேட்டால் நிஜ நோயாளி இல்லையென்பான், நடிக்கிறவன் எதையும் விடமாட்டான் என்பது அவர் கட்சி. அவர் குடியிருக்கும் மாட்டுங்காவில் அவரிடம் தலைவலி என்று சொல்லவே சொந்தக்காரர்கள் பயப்படுவார்கள்.

வானமாமலை தாராவியில் தோல் பட்டறைத் தொழிலாளி. பக்கத்துப் பட்டறைக்காரனைக் குத்திக் கொன்றதாக வழக்கு. பார்த்த சாட்சி இல்லை, கத்தியும் கிடைக்கவில்லை. மாஜிஸ்ட்ரேட் முன்னால் அவரே ஒத்துக்கொண்டதுதான் ஆதாரம். சித்தம் சரியில்லை என்று வக்கீல் மனுப்போட, கோர்ட் பரிசோதனைக்கு இங்கே அனுப்பியிருந்தது. பாசாங்கு என்று டாக்டர் எழுதிவிட்டால், மிச்ச ஆயுசு ஜெயிலில்தான்.

"பச்சைச் சுவரைப் பாத்தா பல் வலிக்கறதோ?"

"ஆமாய்யா."

"குக்கர் விசில் உங்க பேரைச் சொல்லிக் கூப்பிடறதா?"

"ஆமாய்யா, கூப்பிடும்." டாக்டரின் முகம் வாடாமல் பார்த்துக்கொள்வதே தன் பொறுப்பு என்பதுபோல் இருந்தது அவர் பார்வை.

"பேஷ். இந்த வெயில்ல நடந்தா வந்தேள்?"

"ஆமாய்யா."

கூட வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் பேச்சிராஜா சிரித்துவிட்டார். "சார், நான்லா ஜீப்ல கூட்டியாந்தேன்!"

"பாத்தேளா? காரணமே இல்லாம ஒரு பொய். ரத்தத்துல ஊறினது." டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "வானமாமலை, நீங்க நடிக்கறேள். அப்படித்தானே?"

"ஆமாய்யா."

டாக்டருக்குப் புல்லரித்தது. வெளிநாட்டு மாநாடுகளில்கூட இப்படி ஒரு வெற்றியை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. 'முழுப் பாசாங்கு' என்று எழுதி, தேவைக்கு மேல் நீளமாகக் கையெழுத்துப் போட்டார்.

வானமாமலையை ஜீப்பில் ஏற்றிவிட்டு, அறிக்கையை வாங்கிக்கொள்ளப் பேச்சிராஜா திரும்பி வந்தார்.

"கேள்வி கேக்கறது ஒரு கலை, மிஸ்டர் பேச்சிராஜா. எனக்கே இவ்ளோ நேரம் ஆச்சு. கொலையை ஒத்துக்கவைக்க நீங்க எவ்ளோ அடிச்சேளோ!"

பேச்சிராஜாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"கையே வைக்கல சார். 'நீதானல குத்துன?'ன்னு ஒரேயொரு தடவ கேட்டேன்."