லேஸ் திரை

"என்னங்க, இங்க வாங்களேன். மருமகளோட கும்பிடுபூச்சி செத்துக் கிடக்கு."

சமையலறை ஜன்னலோரம் இருந்த இரண்டு கண்ணாடிப் பெட்டிகளில் ஒன்றின் தரையில் அது கால்களை விரித்துக் கிடந்தது. மாமனார் குனிந்து பார்த்தார்.

"நேத்து என்ன பண்ணின?"

"பெட்டியை அலங்காரம் பண்ணினேன். மூடியிலிருந்து தொங்குற மாதிரி உள்பக்கமா லேஸ் துணி கட்டினேன். அவ்வளவுதான்."

"கல்யாணமாகி வந்ததுல இருந்து அவ உன்கிட்ட கேட்ட ஒரே உதவி, இதுங்களைப் பார்த்துக்கோங்கன்னுதான்."

"வேணும்னே கொன்னுட்டேன்னு நினைப்பாளோ?"



வேலையிலிருந்து திரும்பிய மருமகள் கைப்பையைக்கூட இறக்காமல் பெட்டியைத் திறந்தாள். கீழே கிடந்ததை எடுத்து மாமியாரின் உள்ளங்கையில் வைத்தாள். அதற்கு எடையே இல்லை.

"இது உரிச்சுப் போட்ட தோல், அத்தை. ஆள் லேஸுக்குப் பின்னால தொங்குறான் பாருங்க."

பழையதைவிடப் பெரிதாக, இளம்பச்சையாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"தலைகீழாத் தொங்கினாத்தான் தோலை உரிக்க முடியும். கண்ணாடி மூடியில கால் வழுக்கும், லேஸ்ல நல்லாப் பிடி கிடைக்கும். போன தடவை வளர்த்தது அப்படி விழுந்துதான் செத்துச்சு. ரொம்ப நன்றி அத்தை. எனக்குத் தோணாதது உங்களுக்கு எப்படித் தோணிச்சு?"

மாமியார் கணவரைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"உண்மையைச் சொல்லிடறேன்மா. நான் சமைக்கும்போதெல்லாம் அது என்னையே முறைக்குது. பயமா இருந்துச்சு. அதான் திரை போட்டேன்."

மருமகள் லேஸ் இல்லாத அடுத்த பெட்டியைக் காட்டினாள்.

"இவளும் அடுத்த வாரம் உரிப்பா. இவளும் உங்களை முறைக்கிறா, அத்தை."