சாயங்காலம் அழி

பராமரிப்புக்காகக் கரையேற்றிய கப்பலில், புது நீலப் பெயிண்ட் மேல் பழைய பெயரையே பளிச்சென்று எழுதி முடித்துவிட்டேன். கப்பலை வாங்கிய கம்பெனி வைத்த புதுப் பெயர், என் சட்டைப்பையில் சீட்டாகத் தூங்கியது. பன்னிரண்டு வருஷப் பழக்கம்; கை என்னைக் கேட்டா எழுதுகிறது?

கேப்டன் அண்ணாந்து பார்த்தார்.

“என் வேலை போயிடுச்சா சார்?”

“பாக்கலாம்.”

“அழிச்சிடவா?”

“சாயங்காலம் அழி.”

அதுவரை நான் ஏணியில் சும்மா ஏறி இறங்கினேன். கீழே அவரும் நிலைகொள்ளாமல் நடந்தார். ஐந்து மணிக்கு என்னால் பொறுக்க முடியவில்லை.

“புதுக் கம்பெனி என்னை அனுப்புதுன்னா நேராச் சொல்லிடுங்க சார்!”

“உன்னை இல்லப்பா, என்னைத்தான். அஞ்சு மணி வரைக்கும்தான் நான் கேப்டன். அதுவரைக்கும் என் கப்பல் பேரு இருக்கட்டுமேன்னு பாத்தேன். இப்ப அழிச்சிடு.”