பச்சை லாரி

“லாரி பச்சை. உயிரே போனாலும் அந்த நிறத்தை மட்டும் மாத்திடாதே” என்றார் சலூன்காரர்.

ரொட்டிக் கடைக்காரன் தலையாட்டினான். இல்லாத லாரிக்கு எந்த நிறமாக இருந்தால்தான் என்ன என்று கேட்க அவனுக்குத் துணிவில்லை.

மூன்று நாட்களுக்கு முன் மேட்டில் தன் வேனை நிறுத்தியவன், ஹேண்ட் பிரேக்கைப் போட மறந்து, ரொட்டித் தட்டுடன் இறங்கிப் போய்விட்டான். ஆளில்லாத வேன் தானாகவே உருண்டு, சரிவின் கடைசியில் இருந்த தையற்கடைக்குள் புகுந்தது. தையற்காரி பொத்தான் வாங்க எதிர்க்கடைக்குப் போயிருந்ததால், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. ஆனால் அவளுடைய இரண்டு மெஷின்களும் நசுங்கிவிட்டன.

பள்ளி திறக்க மூன்று வாரமே இருந்தது. நூற்றிருபது சீருடைகள் வெட்டிய துணியாகவே கிடந்தன. புது மெஷின் வராவிட்டால் ஆர்டர் போகும். ஆர்டர் போனால் கடையும் போகும். அவள் அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

வேனுக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இருந்தது. அதைப் பற்றி அனுபவத்தில் அறிந்தவர் அந்தத் தெருவில் சலூன்காரர் ஒருவரே. போன வருஷம் தம் காரைக் கம்பத்தில் மோதிவிட்டு, தவறு தம்முடையதே என்று நேர்மையாக எழுதிக் கொடுத்து, கம்பெனி கைவிரித்ததில் மனம் கசந்தவர் அவர்.

“எனக்கும் இதே இன்சூரன்ஸ்தான். உண்மையைச் சொன்னேன், ஒரு பைசா வரலை. தப்புப் பண்ணவனுக்கு எந்தக் கம்பெனிப்பா கொடுக்கும்? நுணலும் தன் வாயால் கெடும்” என்றார்.

இவ்வாறாகத்தான் லாரி பிறந்தது. பின்னாலிருந்து வேனை இடித்து உருட்டிவிட்டு, நிற்காமல் ஓடிய லாரி. வேனின் பின்பக்கத்தில் இருந்த பழைய நெளிவையும் சலூன்காரர் அதன் தலையில் கட்டிவிட்டார். எதிர்க்கடை வாசலில் நின்ற தையற்காரி லாரியைக் கண்ணால் பார்த்தவள் ஆனாள். தனக்குப் பொய் வராது என்று அரைமணி நேரம் மறுத்தவள், கடைசியில் நசுங்கிய மெஷின்களைப் பார்த்துவிட்டு, “லாரி என்ன கலர்?” என்று கேட்டாள்.

சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் அன்று மதியம் வந்தார். முதலில் தையற்கடைக்குள் போனவர் ஒரு மணி நேரமாகியும் வெளியே வரவில்லை. நிறம் கேட்க ஒரு நிமிடம் போதுமே, மற்ற ஐம்பத்தொன்பது நிமிடமும் அக்காவிடம் என்னதான் கேட்கிறார் என்று ரொட்டிக் கடைக்காரன் அடுப்புக்கும் வாசலுக்குமாக அலைந்தான். ஒரு தட்டு ரொட்டி கருகிவிட்டது.

ஒருவழியாக சர்வேயர் வந்து உட்கார்ந்தார். அதிர்ந்து பேசாத மனிதர்.

“ஹேண்ட் பிரேக் போட்டிருந்தீங்களா?”

“போட்டிருந்தேன் சார்.”

அவர் எழுதவில்லை, கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். “நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. மறந்திருந்தா மறந்தேன்னே சொல்லலாம். மனுஷன்னா மறக்கிறதுதான்.”

வலை விரிக்கிறார் என்று அவனுக்குப் பட்டது. பிரேக் போட்டிருந்ததாகவும், லாரி இடித்த வேகத்தில்தான் வேன் உருண்டதாகவும், உருப்போட்டதை ஒரே மூச்சில் ஒப்பித்தான்.

“லாரி என்ன நிறம்?”

அவன் கண்ணெதிரே சிவப்பு வாளி ஒன்று இருந்தது. உலகத்தில் வேறு நிறமே இல்லாதது போல அது அவனைப் பார்த்தது.

“ப… பச்சை சார்.”

“நம்பர்?”

“பார்க்கலை.”

சர்வேயர் எழுதி, அவனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பையிலிருந்து தையற்காரியின் வாக்குமூலத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்து, வரி வரியாக ஒப்பிட்டார்.

“அச்சு அசலா ஒத்துப் போகுது. அப்ப உங்க மேல தப்பில்லை.”

“இல்லை சார்.” மூன்று நாட்களுக்குப் பிறகு அவனுக்கு மூச்சு சீராக வந்தது. “அக்காவுக்குப் பணம் எப்ப சார் வரும்?”

சர்வேயர் இன்னொரு தாளை எடுத்தார். இரண்டு மெஷின், கண்ணாடி, கதவுக் கீல் வரை எல்லாவற்றுக்கும் விலை போட்டு முடித்திருந்த தாள். அதன் குறுக்கே நிதானமாக ஒரு கோடு இழுத்தார்.

“உங்க தப்பால அடுத்தவங்களுக்கு வர்ற நஷ்டத்துக்குத்தான் இந்த இன்சூரன்ஸ். தப்பே உங்களுது இல்லைன்னா நாங்க எதுக்குக் கொடுக்கணும்? அந்தம்மா லாரிக்காரனைத்தான் கேட்கணும்.”

“சலூன்காரர் தப்பை ஒத்துக்கிட்டாரே சார், அவருக்கும் கொடுக்கலையே?”

“அதையும் நான்தான் பார்த்தேன். அவர் கேட்டது சொந்தக் காருக்கு. சொந்தக் கார் எப்படி அடுத்தவங்க ஆகும்?”

“சார், உண்மையில அந்த லாரி…”

சர்வேயர் இரு வாக்குமூலங்களின் மேலும் உள்ளங்கையை வைத்தார். “அதை முடிக்காதீங்க. முடிச்சா, கூடிப் பேசிக்கிட்டுப் பொய்ச் சாட்சி சொன்னதா அந்தம்மா பேரையும் சேர்த்து எழுத வேண்டி வரும்.”

அவர் படியிறங்கிப் போகும்வரை ஓரமாகக் காத்திருந்த தையற்காரி, முகத்தைத் துடைத்தபடி உள்ளே வந்தாள்.

“பயப்படாதே தம்பி. பிரேக் போட மறந்துட்டியான்னு அந்த மனுஷன் ஒரு மணி நேரம் மாத்தி மாத்திக் கேட்டாரு. உன்னை நான் விட்டுக் கொடுக்கவே இல்லை.”